படித்துக் காட்டப்பட்டது

மார்ச் 4

அக்கா,

இல்ல, அக்கான்னு ஆரம்பிக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் பேனாவ எடுத்தேன். கைப் பழக்கம், வந்துடுச்சு. பேப்பர்ல டெலிட் பட்டன் இல்லையே, கிடக்கட்டும்.

நீ என்னை பிளாக் பண்ணிட்ட. ஒரே மூச்சுல நாப்பத்தாறு மெசேஜ் அனுப்பினா யாரா இருந்தாலும் பண்ணுவாங்க, அத ஒத்துக்கறேன். அதனால ஷிப்ட் பஸ் ஓட்டற அண்ணன்கிட்ட கவரக் குடுத்து விடறேன். உன் ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் வாசல்லதான பஸ் திரும்புது, உன் கையிலயே குடுத்துடறேன்னாரு. "என்னம்மா, இந்தக் காலத்துல லவ் லெட்டரா?"ன்னு கேட்டாரு. "இல்லண்ணே, சண்டை லெட்டர்"னேன். "அப்போ பத்திரமா கொண்டு போகணும்"னாரு.

நேத்து உங்க கம்பெனியிலேர்ந்து நோட்டீஸ் வந்துச்சு. பத்தொன்பதாம் தேதி விசாரணையாம். அம்மா கை மிஷின்ல மாட்டினதுக்கு யாரு காரணம்னு வெளியிலேர்ந்து ஒரு அதிகாரி வந்து கேப்பாராம். தப்பு அம்மாவோடதுன்னு முடிவானா வேலை போச்சு. போற பேப்பர்லயும் 'கவனம் இல்லாதவர்'னு எழுதித்தான் அனுப்புவாங்களாம். அந்தப் பேப்பர வச்சுக்கிட்டு அம்மா வேற எந்த லாண்டரி கதவத் தட்டுவாங்க? நீயே சொல்லு.

அதோட பின் பண்ணி ஒரு ஜெராக்ஸ். 'தொழிலாளியின் வாக்குமூலம்'. கீழ அம்மாவோட இடது கட்டைவிரல் ரேகை. மேல உன் கையெழுத்து, முத்து முத்தா.

அம்மா கட்டுப் போட்ட கைய தலகாணி மேல வச்சுக்கிட்டு, "படிடி, பெரியவ எழுதினது, நல்லா இருக்கும்"னாங்க. சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க அக்கா. 

படிச்சேன். "இயந்திரம் இயங்கிக்கொண்டிருந்த வேளையில், என் கவனக்குறைவினாலும் அவசரத்தினாலும், வலது கை உருளைகளுக்கிடையே சிக்கிக் காயமுற்றேன். இதற்கு வேறு எவரும் பொறுப்பல்லர்."

அம்மா கேட்டாங்க, "யாரு கதை இது?"

கடைசி வரியையும் படிச்சேன். "மேற்கண்ட வாக்குமூலம் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொண்டு கைரேகை இடுகிறேன்." ஏம்மா, படிச்சுக் காட்டினாளான்னு கேட்டேன். "எம் பொண்ணு எழுதினதுக்கு எதுக்குடி படிச்சுக் காட்டணும்?"னாங்க. அப்புறம் அந்தப் பேப்பர வாங்கி தன் ரேகையவே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

ஆஸ்பத்திரி பெஞ்சில அம்மா உன்கிட்ட சொன்னப்ப நானும் பக்கத்துலதான் ஒக்காந்திருந்தேன். ஈர பெட்ஷீட்டோட மூலையப் புடிச்சு சூடான உருளைக்குள்ள விடணும். உருளைக்கு முன்னாடி ஒரு கம்பி. கை பட்டா மிஷின் நின்னுடும். ஆனா மடிஞ்ச துணி பட்டாலும் நின்னுடுது, வேலை தாமதமாவுதுன்னு சூப்பர்வைசர் அந்தக் கம்பிய கிழிசல் துணியால மேல தூக்கிக் கட்டச் சொன்னான். அவுத்துடுங்கன்னு அம்மா மூணு தடவை கேட்டிருக்காங்க. நீ 'ம்', 'ம்'னு கேட்ட. நோட்டுலயும் குறிச்சுக்கிட்ட.

அந்தக் கம்பி எங்க அக்கா? பேப்பர முன்னாடி பின்னாடி திருப்பிப் பாத்துட்டேன். கம்பியும் இல்ல, கட்டச் சொன்னவனும் இல்ல. அம்மாவும் இல்ல.

இப்படிக்கு,
நீ படிக்கணும்னு அஞ்சாவதோட நின்னவ

மார்ச் 7

தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பிழைகளைத் திருத்தக் கை பரபரத்தது. பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

கோபப்படுவது எளிது. உனக்கு அது இன்னும் எளிது, ஏனென்றால் கோபப்பட்ட பிறகு நீ எந்த அலுவலகத்துக்கும் போய் உட்கார வேண்டியதில்லை. நான் நான்கு ஆண்டுகளாக இங்கே வாக்குமூலம் எழுதுகிறேன். தவறு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டவர்களை ஓர் எச்சரிக்கையோடு மீண்டும் வேலைக்கு எடுத்துக்கொள்வதே இதுவரை இங்குள்ள வழக்கம். ரேகை வைத்த பிறகும் இயந்திரத்தின் மேல் பழி சொன்னவர்கள் இருவர். அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது, கம்பெனிக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் யாரும் விரும்பவில்லை. அம்மாவை நான் எந்த வரிசையில் நிறுத்தியிருக்க வேண்டும் என்று நினைக்கிறாய்? இம்முறை வெளியிலிருந்து அதிகாரி வருவார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அம்மா பேசியதை அப்படியே எழுதியிருக்கலாம் என்கிறாய். எழுதினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கல்லூரியில் சேர்ந்த முதல் மாதம், நான் எழுதிய கட்டுரையை ஆசிரியர் எழுந்து நின்று வாசித்தார். பாராட்டப் போகிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம் வீட்டில் பேசுவது போலவே எழுதியிருந்தேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவர் சிரிப்பு அடங்கக் காத்திருந்து அடுத்த வரியை வாசித்தார். நான் இன்று எழுதும் மொழியை அன்று மாலை தொடங்கிக் கற்றேன். அம்மாவை அப்படி யாரும் வாசித்துச் சிரிக்க நான் விடமாட்டேன்.

இது நீ இணையத்தில் நடத்தும் வில்லன் நடிகரின் ரசிகர் பக்கம் அல்ல, நெருப்பு எமோஜி நான்கு போட்டு முடித்துவிட. அந்த ஜெராக்ஸை எவருக்கும் காட்டாதே. முக்கியமாக, அந்தப் பக்கத்தில் போடாதே.

மேலே அடித்திருக்கும் வரியைப் படிக்க முயலாதே. வெள்ளிக்கிழமை அம்மாவுக்குக் கட்டு மாற்ற வேண்டும், மறக்காதே. நான் இப்போது வர இயலாது. அலுவலகத்தில் வேலை.

அக்கா

மார்ச் 9

ஆபீஸரம்மா அவர்களுக்கு,

அடிச்ச வரிய ஜன்னல் வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தேன். "எனக்கும் சாப்பிடப் பிடிக்கவில்லை"ன்னு இருக்கு. அத எதுக்கு அடிச்ச? அந்தக் கடுதாசியிலயே அது ஒண்ணுதான் நீ. மத்ததெல்லாம் கம்பெனி.

பிழை திருத்த கை பரபரத்துச்சா? திருத்து! செவப்புப் பேனா எடுத்து மார்க்கும் போடு! நான் எழுத்துக் கூட்டினதே பாட்டு வரி ஓடற ஸ்க்ரீன்லதான், தெரியுமா உனக்கு? நீ காலேஜ்ல இருந்தப்ப பக்கத்து வீட்டுப் புள்ளைங்கள பாத்துக்கற வேலைக்குப் போனேன்ல, அங்க டிவியில பாட்டு ஓடும், கீழ வரி கலர் மாறிக்கிட்டே போகும். அப்படிப் புடிச்சதுதான். அப்புறம் நம்ம வில்லன் நடிகருக்கு ரசிகர் பக்கம் ஆரம்பிச்சேன். மொத வருஷம் கமெண்ட்ல எல்லாம் கிழி கிழின்னு கிழிச்சாங்க. 'ஸ்கூல் பக்கமே போனதில்லையா'ன்னு ஒருத்தன் கேட்டான். 'போனேன், அஞ்சாவதோட கேட்டு சாத்திட்டாங்க, நீ தொறந்து விடறியா'ன்னு போட்டேன். ஆயிரத்து எரநூறு லைக்கு! இன்னிக்கு நாப்பதாயிரம் பேரு இருக்காங்க என் பக்கத்துல. ஏன் அவர எனக்குப் புடிக்கும்னு தெரியுமா? எல்லாப் படத்துலயும் கதை ஹீரோ சொல்றதுதான். இவரு ஒருத்தருதான் 'என் பக்கம் கேட்டீங்களாடா'ன்னு நிக்கறாரு.

சிரிச்சாங்கன்னு சொன்ன. எனக்கு அழுகை வந்துடுச்சு, பொய் சொல்லல. அந்த ஆசிரியர் மட்டும் இப்ப கைல கெடச்சா! ஆனா அக்கா, உன்னப் பாத்துச் சிரிச்சாங்கன்னு நீ அம்மா வாயத் தெச்சுட்டியே. அவங்க சிரிச்சதுக்கு அம்மா என்ன பண்ணாங்க?

இன்னொண்ணும் கேள்விப்பட்டேன். மூணாவது லைன்ல வேலை பாக்கற அக்கா அம்மாவப் பாக்க வந்தாங்க. ஆபீஸ்ல நீ அம்மாவ 'இந்தம்மா'ன்னுதான் கூப்பிடுவியாம். 'இந்தம்மா, இங்க ரேகை வைங்க'. நாலு வருஷமா ஒரே கூரைக்கு அடியில இருந்தும் நீங்க அம்மா பொண்ணுன்னு அங்க ஒருத்தருக்கும் தெரியாதாமே? அம்மாகிட்ட கேட்டேன். "அவ பெரிய எடத்துல இருக்கா, நம்ம போயி ஒட்டிக்கக் கூடாது"ங்கறாங்க. கோபமே படல. அவங்க படாத கோபத்தயும் சேத்து நானே படறேன், வேற வழி?

அப்புறம், நீ போடாதன்னு சொன்னியே. உன் லெட்டர் வர்றதுக்கு அரைமணி நேரம் முன்னாடியே போட்டுட்டேன். முன்னாடியே வந்திருந்தாலும் போட்டிருப்பேன்.

அம்மா பேர ஸ்டிக்கர் வச்சு மறைச்சுட்டேன். மேல எழுதினேன்: 'இது எங்க அம்மா சொன்னதா கம்பெனி சொல்லுது. எழுதினது அவங்க சொந்தப் பொண்ணு. இப்ப உண்மையில அம்மா என்ன சொன்னாங்கன்னு படிங்க.' அதுக்குக் கீழ முழுசா எழுதிட்டேன். கம்பி, கிழிசல், சூப்பர்வைசர், எல்லாம். பத்தாயிரம் பேரு ஷேர் பண்ணிட்டாங்க அக்கா! இப்ப சிரிக்கச் சொல்லு பாக்கலாம்!

வாலு

மார்ச் 11

உனக்கு எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை. விளிப்பு எதுவும் எழுதவில்லை, அதைக் கவனித்துக்கொள்.

இன்று காலை மேலாளர் தன் அறைக்கு அழைத்தார். மேசை மேல் அவருடைய போன். அதில் உன் பதிவு, என் கையெழுத்து, கீழே நெருப்புப் படங்கள். தட்டச்சு செய்பவரும் வாயிற்காவலரும் கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் நாற்காலியில் உட்காரும்படி சொல்லப்படவில்லை.

"சொந்தப் பொண்ணுன்னு போட்டிருக்கே, நீங்களா?" என்று கேட்டார்.

'எழுதினது அவங்க சொந்தப் பொண்ணு' என்ற அந்த ஒரு வரியை நீ யாரைக் கேட்டு எழுதினாய்? அம்மாவைக் கேட்டாயா? என்னைக் கேட்டாயா? என்னை நீ திட்டுவதெல்லாம் நான் கேட்காமல் எழுதினேன் என்பதற்காகத்தானே? நான் ஒரு தாளில் எழுதினேன், அது கோப்புக்குள் போனது. நீ தெருவில் எழுதிவிட்டாய். அம்மாவின் கையைப் பற்றி முகம் தெரியாத ஆள் ஒருவர் 'சீக்கிரம் குணமாக வேண்டும், அடுத்த படம் எப்போது?' என்று எழுதியிருக்கிறார். படித்தாயா? அதற்கும் நீ இதயம் போட்டிருக்கிறாய்.

அந்தப் பதிவை நீக்கு. இன்றே.

மார்ச் 13

அக்கா,

நீக்கிட்டேன். உனக்காக இல்ல.

காரணம் இருக்கு, சொல்றேன். வரிசையா சொல்லணும், இல்லன்னா அழுதுடுவேன்.

மொதல்ல ஒண்ணு. நீக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஃபோட்டோ வர ஆரம்பிச்சுது. 'என் அப்பாவோடதும் இதே கம்பெனி', 'என் அத்தையோடதப் பாருங்க'ன்னு ஒண்ணு ஒண்ணா. ஒம்போது வாக்குமூலம். ஒம்போதும் உன் கையெழுத்து. பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன். ஒருத்தருக்கு விரல், ஒருத்தருக்குத் தோள், ஒருத்தருக்கு நீராவி பட்டு முகம். மத்தபடி வரிக்கு வரி ஒண்ணு! 'என் கவனக்குறைவினாலும் அவசரத்தினாலும்'. ஒம்போது பேருக்கும் அதே கவனக்குறைவு, அதே அவசரம், 'இதற்கு வேறு எவரும் பொறுப்பல்லர்'. ஒம்போது பேருக்கும் படிச்சும் காட்டினியாம். நீ அம்மாவுக்கு மட்டும்தான் இப்படிப் பண்ணினன்னு நெனச்சிருந்தேன். அம்மாவக் காப்பாத்தத்தான் எழுதினேன்னு சொன்ன. இவங்க யாரக் காப்பாத்த?

அடுத்தது என்னைப் பத்தி.

மூணாவது லைன் அக்கா திரும்ப வந்தப்ப என் பதிவ சத்தமா வாசிச்சாங்க. அம்மாவுக்கு அது வரைக்கும் தெரியாது, நான் சொல்லல. கம்பி வரைக்கும் அம்மா 'ஆமா, ஆமா'ன்னாங்க. அப்புறம் நான் எழுதியிருந்தேன்: 'இந்த வெள்ளை பெட்ஷீட்டுல என் ரத்தம் இருக்குடா, அத எந்த சோப்பாலயும் வெளுக்க முடியாது!' அந்த எடம் வந்ததும் அம்மா கைய ஒசத்தி நிறுத்தச் சொன்னாங்க.

"நான் எப்படி இத சொன்னேன்?"

நான் அந்த அக்கா கையிலேர்ந்து போன வாங்கிக்கிட்டேன். "இல்லம்மா, ஃபீலுக்காக..."

"ரத்தமே வரலியேடி. வெந்துதான் போச்சு. நான் 'ஐயோ'ன்னுகூட சொல்லல, 'நிறுத்துங்க'ன்னு சொன்னேன். அதான் சொன்னேன். நிறுத்துங்கன்னு."

சும்மா இருந்திருக்கலாம். நான், "அந்த வரிக்குத்தாம்மா எல்லாரும் ஷேர் பண்ணாங்க"ன்னுட்டேன்.

அம்மா என்னைப் பாத்தாங்க பாரு. சின்ன வயசுல அடி வாங்கினப்பகூட அப்படிப் பாத்ததில்ல. "அவ என் வாயில கம்பெனியத் திணிச்சா. நீ சினிமாவத் திணிச்ச. ரெண்டு பேரும் எனக்குப் பொறந்ததுங்க, ரெண்டு பேருக்கும் நான் ஊமை"ன்னாங்க.

மூணாவது லைன் அக்கா நைஸா செருப்ப மாட்டிக்கிட்டுக் கெளம்பிட்டாங்க.

அதான் நீக்கினேன். அந்த வசனம் எனக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியும். நம்ம வில்லன் பேசினா எப்படிப் பேசுவாருன்னு யோசிச்சு எழுதினது. கேவலமா இருக்கு. ஆனா ஒண்ணு, நான் கேவலமா உணரறதால நீ நல்லவ ஆயிட மாட்ட. நான் ஒரு வரி சேத்தேன். நீ ஒரு கம்பியவே தூக்கிட்ட.

ஒம்போது ஃபோட்டோவையும் பிரிண்ட் எடுத்து வச்சிருக்கேன். அந்தந்த வீட்டுல ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டுட்டேன், அதிகாரிகிட்ட காட்டலாமான்னு. ஆமா, கேட்டுட்டேன்! கத்துக்கிட்டேன்ல! ஏழு பேரு சரின்னாங்க. ரெண்டு பேரு பயப்படறாங்க, அது ரெண்டையும் எடுத்துட்டேன்.

உன்கிட்ட நேரடியா கேக்கறேன். மொத்தம் எத்தனை?

வாலு

மார்ச் 15

வாலு,

அறுபத்து மூன்று.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மேலாளர் ஒரு மாதிரித் தாள் கொடுத்தார். அதில் மூன்று கோடிட்ட இடங்கள்: பெயர், தேதி, உடல் உறுப்பு. மற்றவை எல்லாம் அச்சில் இருந்தன. "இதைப் பார்த்துக் கையால எழுதுங்க. அச்சுல இருந்தா நாம சொல்லிக் குடுத்த மாதிரி இருக்கும். உங்க கையெழுத்து அழகா இருக்கு, அதுக்குத்தான் உங்கள எடுத்தோம்" என்றார். எனக்கு அன்று பெருமையாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நீ எப்படியும் அடித்த வரிகளைப் படித்துவிடுகிறாய்.

முதல் சிலருக்குப் படித்துக் காட்டினேன். ஓர் ஆள், நடுத்தர வயது, சலவைத் தொட்டிப் பக்கம் வேலை, முழுவதையும் கேட்டுவிட்டு "நல்லா இருக்கும்மா, எனக்குத்தான் ஒண்ணும் புரியல" என்றார். அவர் ரேகை வைத்தார். அதன் பிறகு நான் எவருக்கும் படித்துக் காட்டவில்லை. படித்துக் காட்டினால் ஒருவேளை புரிந்துவிடுமோ என்று பயந்தேன்.

அம்மாவின் முறை வந்தபோது, பெஞ்சில் அவர் சொன்னதை உண்மையாகவே முழுவதும் குறித்துக்கொண்டேன். அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். எழுதி முடித்துப் பார்த்தால் பழைய வாக்கியம்தான் இருந்தது. வேண்டுமென்றே செய்தேன் என்று சொன்னால்கூட நன்றாக இருக்கும். கை அதுவாகவே எழுதியது. பிறகு பார்த்துவிட்டு, இதுதான் பாதுகாப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இன்னொன்று. மேலாளர் "நீங்களா அந்தப் பொண்ணு?" என்று கேட்டாரே, அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று போன கடிதத்தில் எழுதவில்லை. இல்லை என்று சொன்னேன். "யாரோ விளையாடுகிறார்கள், சார்" என்றேன்.

இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே என்று கேட்க வந்தேன். கேட்கவில்லை. படித்துக் காட்டு.

பத்தொன்பதாம் தேதி விசாரணையில் பேச்சைப் பதிவு செய்து எழுதும் பொறுப்பை எனக்கே கொடுத்திருக்கிறார்கள். "நீங்க எழுதினா சரியா இருக்கும்" என்றார் மேலாளர். உடம்பு சரியில்லை என்று விடுப்பு எடுத்துவிடவா? சொல்.

அக்கா

மார்ச் 16

அக்கா,

படிச்சுக் காட்டினேன். பழைய லெட்டரோட சேத்து எல்லாத்தையும். 'இல்லை என்று சொன்னேன்'ங்கறதையும். ஒரு எழுத்து கூட்டல, குறைக்கல.

அம்மா லெட்டர வாங்கி மடிச்சுத் தலகாணிக்கடியில வச்சாங்க. அப்புறம், "விசாரணையில நானே பேசறேன். ரெண்டு பேர்ல யாரும் எனக்காகப் பேச வேணாம்"னாங்க.

அவ லீவு போடட்டுமாம்மான்னு கேட்டேன். "போட்டா வேற எவனோ எழுதுவான். அவனுக்கு என்னைத் தெரியாது, திட்டவும் முடியாது. அவளே ஒக்காரட்டும்"னாங்க.

இது சமாதானம்னு நெனச்சுக்காத. அம்மா மொகத்த நீ பாக்கல.

வாலு

மார்ச் 19

வாலு,

நீ வெளியே மரத்தடியில் ஏழு தாள்களையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உன்னை உள்ளே விடவில்லை என்பதால் நடந்ததை நான் எழுதுகிறேன். அம்மா உன்னிடம் சொல்லியிருப்பார்கள். என் வாயாலும் கேள். தவறாக இருந்தால் அம்மா திருத்தட்டும்.

கூட்ட அறை. நீள மேசை. ஒரு பக்கம் அதிகாரி, தடித்த கண்ணாடி, அதிகம் பேசாதவர். இன்னொரு பக்கம் மேலாளரும் சூப்பர்வைசரும். நான் மூலையில், தாளும் பேனாவுமாக. அம்மா உள்ளே வந்து, காட்டிய நாற்காலியில் உட்காராமல், அதை இழுத்துக்கொண்டு வந்து எனக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார்கள்.

மேலாளர் பழைய வாக்குமூலத்தை நீட்டினார். "எல்லாம் இதுலயே இருக்கு சார், ரேகை வச்சிருக்காங்க." அதிகாரி அம்மாவைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "எழுது. நான் சொல்றத மட்டும் எழுது" என்றார்கள்.

பேசினார்கள். வேகமாக இல்லை. ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு என் பேனா நிற்கும்வரை காத்திருந்து அடுத்ததைச் சொன்னார்கள். எத்தனை மணிக்கு, எத்தனையாவது பெட்ஷீட்டில், எந்தக் கையால். கம்பியைக் கட்டியிருந்த கிழிசலின் நிறம்கூடச் சொன்னார்கள். நீலக் கரை. என் நோட்டில் அது இல்லை, நான் கேட்கவே இல்லை. மேலாளர் இரண்டு முறை குறுக்கிட்டு, "கொஞ்சம் நல்ல நடையில எழுதுங்க மேடம்" என்றார். அதிகாரி விரலை மட்டும் அசைத்தார். மேலாளர் வாயை மூடிக்கொண்டார்.

முடிந்ததும் அதிகாரி, "படிச்சுக் காட்டுங்க" என்றார்.

நான்கு வருடம் கழித்துப் படித்துக் காட்டினேன். பாதியில் அம்மா நிறுத்தினார்கள்.

"என்ன சொன்ன, திரும்பச் சொல்லு?"

"'மேற்பார்வையாளர் கட்டுமாறு கூறினார்.'"

"யாரு அந்தக் கூறினாரு? நான் அவன்னு சொன்னேன். அதோ ஒக்காந்திருக்கானே, அவன். அவன் கட்டச் சொன்னான்."

சத்தியமாக, வாலு, நான் அறிந்து செய்யவில்லை. அம்மா சொன்னது காதில் ஒரு மாதிரி விழுந்து கையில் வேறு மாதிரி வந்துவிட்டது. சூப்பர்வைசர் நாற்காலியில் நெளிந்தான். அடித்துவிட்டு எழுதினேன்: அவன் கட்டச் சொன்னான். அம்மா, "இப்பப் படி" என்றார்கள். படித்தேன். "ம்ம். மேல போ" என்றார்கள். இப்படி இன்னும் மூன்று இடத்தில். அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. நான் முதல் வரியிலிருந்து காத்துக்கொண்டிருந்தேன், இதோ சிரிப்பார்கள், இதோ சிரிப்பார்கள் என்று. ஒருவரும் சிரிக்கவில்லை.

பிறகு அதிகாரி பழைய தாளை என் முன் வைத்தார். "இதுவும் உங்க கையெழுத்துதானே? இத இவங்களுக்குப் படிச்சுக் காட்டினீங்களா?"

மேலாளர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என் அறை, என் வேலை, எல்லாம் இருந்தது.

"இல்ல சார்" என்றேன். "இவங்களுக்கு மட்டும் இல்ல. மொத நாலஞ்சு பேரத் தவிர யாருக்குமே படிச்சுக் காட்டல. மொத்தம் அறுபத்தி மூணு பேர்." அவர் எழுதிக்கொண்டே, "இவங்க உங்களுக்கு உறவா?" என்றார். "எங்க அம்மா சார்."

அம்மா பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவர்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பழைய வாக்குமூலத்தைச் செல்லாது என்று அதிகாரி குறுக்குக் கோடு போட்டார். இயந்திரத்தை ஓட்டக் கூடாது என்று முத்திரை வைத்தார். உன் ஏழு தாள்களையும் வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்பினார், அது உனக்குத் தெரியும். மீதியைக் கம்பெனியின் அலமாரியிலிருந்து எடுத்து வரச் சொன்னார். அம்மாவின் கை ஆறும்வரை அவர்களை வேலையை விட்டு அனுப்பக் கூடாது என்று எழுதினார். என்னைப் பிற்பகலிலேயே இடைநீக்கம் செய்துவிட்டார்கள். சனிக்கிழமைக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும்.

எங்க போறதுன்னு தெரியல. வீட்டுக்கு வரலாமான்னு அம்மாகிட்ட கேளு. கேக்கறதுக்கு எனக்கு வாய் வரல, அதான் எழுதறேன்.

அக்கா

மார்ச் 20

அக்கா,

நீ எழுதினத அம்மாவுக்குப் படிச்சேன். நீலக் கரை இல்லையாம், பச்சைக் கரையாம். அத மட்டும் மாத்தச் சொன்னாங்க. அதிகாரி பேப்பர்லயும் நீலம்னு இருந்தா அங்கயும் போய் மாத்தணுமாம். மத்ததெல்லாம் சரியாம்.

அம்மா சொல்றத இப்ப எழுதறேன். சொல்லச் சொல்ல எழுதறேன், ஒவ்வொரு வரியும் திருப்பிப் படிச்சுக் காட்டிட்டுத்தான் அடுத்தது. ஒரு எடத்துல நான் 'பாசத்துடன்'னு போட்டேன், அடிக்கச் சொல்லிட்டாங்க.

"பெரியவளே. எம் மேல ஒனக்கு வெக்கமா இருந்துச்சு. இருந்துட்டுப் போகட்டும், நானும் அதுக்கு எடம் குடுத்தேன். ஆனா என் கைய நீ எழுதி வாங்கிட்ட. எனக்கு இன்னும் ஆறல. கையும் ஆறல, அதுவும் ஆறல.

அதிகாரி அலமாரியத் தொறந்தா பேப்பர்தான் கெடைக்கும். அந்தப் பேப்பர் எல்லாம் நீ. அவங்க இல்ல. அறுபத்தி மூணு பேருக்கும் வீடு இருக்கு. நான் ஒருத்தி போக மீதி அறுபத்தி ரெண்டு. ஒவ்வொரு வீடா போ. எங்கேயோ போயிட்டாங்கன்னு எழுதினியே, அந்த ரெண்டு பேரையும் தேடிக் கண்டுபுடி. கதவத் தட்டி, நான்தான் எழுதினேன்னு சொல்லு. திட்டுவாங்க, நின்னு கேளு. அப்புறம் ஒக்காந்து அவங்க சொல்றத எழுது. படிச்சுக் காட்டு. இல்லன்னு சொன்னா அடிச்சுட்டுத் திரும்ப எழுது. சின்னவ எழுதற பேப்பர்ப் பெட்டியத் தூக்கிக்கிட்டு கூட வருவா. அவளுக்கும் அது தேவைதான்.

சனிக்கெழம நீ சாமான எடுத்துக்கிட்டு இங்க வா. வேற எங்க போவ. ஆனா என்கிட்ட லெட்டர் போட்டுப் பேசறத இதோட விட்டுடு. நீ எழுதினத சின்னவ படிச்சா அவ கொரல்தான் கேக்குது. ஒனக்கு வாய் இருக்கு. எதுக்க ஒக்காந்து பேசு. எனக்குத் திட்டறதுக்கு இன்னும் நெறைய இருக்கு, அதுல ஒண்ணுகூட எழுதி அனுப்பற மாதிரி இல்ல."

அவ்வளவுதான். அம்மா எழுந்து போயிட்டாங்க. பஸ்கார அண்ணன் ஹாரன் அடிக்கறாரு.